குமட்டலின் வேர்

தென் மாவட்டங்களில் ஒருவரைப் பற்றி "அடையாறுக்குப் போயிருக்கிறார்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, ஊரின் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அங்கே ஆற்றிய பணியால் நலம்பெற்றுத் திரும்பியோர் ஏராளம். ஆயினும் அங்குச் செல்லும் நம்மவர்களிடம் நோயைக் காட்டிலும் சிகிச்சையைப் பற்றிய அச்சமே மிகுந்திருக்கிறது. குடலே வெளியே வந்துவிடும் அளவுக்கு வாந்தி எடுக்குமாம் என்ற பேச்சுக்கு அஞ்சி, கீமோ சிகிச்சையின் இரண்டாம் சுற்றுக்குப் போகாமலே நின்றுவிடுவோர் உண்டு. பாதியில் நிறுத்திய சிகிச்சை நோய்க்கே துணைபோகும்.

இவ்வாந்திக்கு உண்ட உணவு காரணமன்று, மனத்தளர்ச்சியும் காரணமன்று. செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளே அதன் முதற்காரணம். 'மகிழ்ச்சி தரும் சுரப்பு' என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, இது மூளைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் பரவிவிட்டது. உண்மையில் நம் உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. இத்தாலிய அறிஞர் எர்ஸ்பாமர் 1930-களில் குடலின் உட்சுவரில்தான் இதைக் கண்டார். 1948-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் செரோட்டோனின் எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1952-இல் உறுதியாயிற்று.

கீமோ மருந்து இரத்தத்தில் கலந்ததும், குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்கள் தாக்குண்டு, தாம் சேமித்து வைத்திருக்கும் செரோட்டோனினைக் கொட்டிவிடுகின்றன. அருகிலேயே வேகஸ் நரம்பின் முனைகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள 5-எச்.டி.3 என்னும் ஏற்பிகளில் இது சென்று பொருந்தியவுடன், செய்தி மூளைத்தண்டுக்கு விரைகிறது, வாந்தி தொடங்குகிறது. உண்ட நஞ்சை வெளியேற்றுவதற்காக உடலில் அமைந்த காவல் இது. நரம்பில் ஏற்றப்பட்ட மருந்து வயிற்றில் இல்லை என்பதை அக்காவல் அறியாது. எனவேதான் வயிறு காலியான பின்னும் ஓக்காளம் ஓய்வதில்லை.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்து 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது இத்துன்பம் உச்சத்தை எட்டியது. முன்தடுப்பின்றி அதைப் பெறுவோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாந்தி எடுப்பர். மெட்டோகுளோப்ரமைடை மிகையளவில் கொடுத்தால் ஓரளவு அடங்கும் என 1981-இல் தெரியவந்தது. அம்மருந்து சிற்றளவில் செய்யாத ஒன்றை, அதாவது செரோட்டோனின் ஏற்பியை அடைப்பதை, மிகையளவில் செய்தது. அந்த ஏற்பியை மட்டும் அடைக்கும் மருந்துகளை 1986-இல் இங்கிலாந்தில் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கிடம் சோதித்தபோது வாந்தி அடங்கியது. (எலிகளுக்கு வாந்தி வராது என்பதால் அவை இவ்வாய்வுக்குப் பயன்படவில்லை.) அவ்வழியில் வந்ததே ஆன்டான்செட்ரான், நம் மருந்துக் கடைகளில் எமிசெட் என்ற பெயரில் பலரும் அறிந்தது. தலைவலி, மலச்சிக்கல் ஆகியன இதனால் நேரலாம். இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

இம்மருந்தைக் கீமோவுக்கு முன்பே கொடுப்பதில்தான் பயன் இருக்கிறது. செரோட்டோனின் வந்து பொருந்துவதற்கு முன் ஏற்பி அடைபட்டிருக்க வேண்டும். 'வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு வீணாக மாத்திரை' என்று சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு. முதற்சுற்றில் கடும் வாந்தி எடுத்தவருக்கு, அடுத்த முறை மருத்துவமனையின் வாசனை பட்டாலே குமட்டும். அது உடல் கற்றுக்கொண்ட பழக்கம். அதற்கு ஆன்டான்செட்ரான் அவ்வளவாக உதவாது.

வாந்தி மிகைத்து வருவதையும் அதனை வலிந்து எடுப்பதையும் ஃபிக்ஹு நூல்கள் நோன்பின் பாடத்தில் வேறுபடுத்துகின்றன. கீமோவினால் வருவது முந்தைய வகை. அதில் நோயாளியின் விருப்பத்துக்கு இடமில்லை. நோன்பை விடுவதற்கு நோயாளிக்குச் சலுகை இருந்தும், ரமளானில் நோன்பு நோற்க வேண்டி மாத்திரையைத் தள்ளிப்போடுகிற பெண்களை நான் அறிவேன். வீட்டார்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி, முதல் நாளோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வரும் வாந்தியில் செரோட்டோனினின் பங்கு குறைவு. 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் வேறொரு பொருளே முன்நிற்கிறது. அதன் ஏற்பியை அடைக்கும் அப்ரெபிட்டன்ட் 2003-இல் வந்தது. டெக்ஸாமெத்தசோனும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

அரபியில் குமட்டலுக்கு 'கஸயான்' என்றும் வாந்திக்கு 'கய்உ' என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, தமிழிலும் அவ்வாறே. மருத்துவமும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆன்டான்செட்ரான் வாந்தியைத் தடுக்கும் அளவுக்குக் குமட்டலைத் தடுப்பதில்லை. அதற்கு இப்போது ஓலான்சபினைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். மனநோய்க்கு உரிய மருந்தாயிற்றே என்று மருந்துச் சீட்டைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. செரோட்டோனின் உட்படப் பல ஏற்பிகளை அது ஒருங்கே அடைக்கிறது. உறக்கமும் சற்று மிகும்.