மனிதரைத் தாக்கும் கொரோனா கிருமியை முதலில் கண்ட பஸ் டிரைவர் மகள்!

16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். மாணவியாகக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். அப்படிப்பட்ட ஒரு பெண்மணி, படித்த பெரியவர்கள் "இதில் புதுசாக ஒன்றுமில்லை" என்று தள்ளிய கிருமியைப் படம் பிடித்துக் காட்டினார்.

அவர் பெயர் ஜூன் அல்மெய்டா. லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் நிபுணராக இருந்தவர்.

1930-ல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா பஸ் டிரைவர். 10 வயதில், தம்பியைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணம்? அதுதான் இல்லை. ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலைக்குப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு கனடா சென்றார். டொரண்டோவில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அவர் கைக்கு வந்தது.

இருட்டறை வேலை

"மெஷின் இருந்தா போதாதா? பார்க்கிறதுக்கு நிபுணர் எதுக்கு?" என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம்!

சாதா மைக்ராஸ்கோப் வெளிச்சத்தால் பார்க்கிறது. இது எலெக்ட்ரான் கற்றையால் பார்க்கிறது. ஆள் உயரக் குழாய். உள்ளே காற்றே இருக்கக் கூடாது. இருந்தால் எலெக்ட்ரான் சிதறிவிடும். கிருமி ஒட்டிய செப்பு வலையோ 3 மில்லிமீட்டர்தான். தும்மினால் போச்சு!

அதில் தேட வேண்டிய கிருமி எவ்வளவு பெரிது? கடுகின் அகலத்துக்குள் 10 ஆயிரம் கிருமிகள் வரிசையாக நிற்கலாம்.

கிருமியைச் சுற்றி கன உலோகக் கரைசலை ஊற்றிக் காய விடுவார்கள். காகிதத்தில் காசை வைத்து மை தெளித்து எடுத்தால், காசு இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும் அல்லவா? அதே தந்திரம்தான். இருட்டறையில் பச்சையாக ஒளிரும் திரையை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். எது கிருமி, எது குப்பை என்று பிரிப்பது கண்ணின் பழக்கம். அதை மெஷின் சொல்லித் தராது.

அல்மெய்டா இன்னொரு வழியும் செய்தார். நோயிலிருந்து தேறியவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளைச் சேர்த்தார். அது கிருமிகளைக் கூட்டமாகப் பிடித்து நிறுத்தியது. தனியாகத் திரிந்தவனைவிடக் கும்பலைக் கண்டுபிடிப்பது சுலபம்தானே!

தள்ளிவிட்ட படம்

கோழிக்கும் எலிக்கும் வந்த நோய்களில், சுற்றிலும் முள் முளைத்த ஒரு கிருமியைப் பார்த்தார். கட்டுரை அனுப்பினார். அது ஃப்ளூ கிருமிதான், படம்தான் சரியாக விழவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் சோர்ந்திருப்பார்கள். இவர் படங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1964-ல் லண்டன் வந்தார். அப்போது சாலிஸ்பரி ஊர் அருகே ஜலதோஷ ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. (ஜலதோஷம் பிடிக்க வைப்பதற்கென்றே ஆள் வரவழைப்பார்கள். வேடிக்கையான இடம்!) அதன் டாக்டர் டேவிட் டிரெல், ஒரு விடுதிப் பள்ளி மாணவனின் மூக்குச் சளியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அதில் கிருமி இருப்பது தெரியும். பிடிபடவில்லை. 'பி 814' என்று பெயர் மட்டும் வைத்திருந்தார்.

அதை அல்மெய்டாவுக்கு அனுப்பினார். கூடவே தெரிந்த ஃப்ளூ கிருமியையும் அக்கிக் கிருமியையும் அனுப்பினார். கண்ணுக்கு ஒரு பரீட்சை மாதிரி!

எல்லாவற்றையும் சரியாகப் படம் பிடித்துக் கொடுத்தார். 'பி 814' படத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கோழியிலும் எலியிலும் கண்ட அதே முள் வட்டம்! பழைய படங்களை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே குடும்பம்.

1967-ல் படங்கள் அச்சேறின. கிரீடம் போல இருந்ததால் லத்தீனில் 'கொரோனா' என்று பெயர். 1968-ல் 'நேச்சர்' பத்திரிகையில் பெயரை அறிவித்த 8 பேரில் அவரும் ஒருவர்.

கல்லூரிக்குப் போகாதவருக்கு, அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்த்தே டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு யோகா சொல்லிக் கொடுத்தார். சும்மா இருக்க விட்டார்களா? 1980-களின் கடைசியில் எய்ட்ஸ் கிருமியைப் படம் பிடிக்க உதவி கேட்டுக் கூப்பிட்டார்கள். அதே செயிண்ட் தாமஸுக்கு மறுபடி போனார்.

2007 டிசம்பர் 1-ந் தேதி 77 வயதில் காலமானார். அவர் பெயரைப் பேப்பர்காரர்கள் தேடிப் பிடித்தது 2020-ல்தான்.