புலப்படாப் படைகளை அறிதல்: நிலவதிர்வு முறிவு முறை பற்றிய ஒரு நோக்கு

நிலத்தின் கீழே யாது உண்டு என்ற வினா மிகப் பழையது. கிணறு வெட்டியோரும் சுரங்கம் அகழ்ந்தோரும் தமது உழைப்பினூடாகவே அதற்கு விடை கண்டனர். வெட்டிய ஆழத்துக்கு அப்பால் அவ்வறிவு செல்லவில்லை. வெட்டாமலே நிலத்தின் படைகளை அறியும் வழிகளுள் ஒன்று நிலவதிர்வு முறிவு முறையாகும். அதன் இயங்குமுறையையும், அதனை வளர்த்த சமூகத் தேவைகளையும், அது தரும் அறிவின் எல்லையையும் இங்கு நோக்குவோம்.

நிலத்தின் மேற்பரப்பில் சம்மட்டியால் ஓங்கி அடித்தாலோ, சிறு வெடி வைத்தாலோ அதிர்வலைகள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. தளர்ந்த மண்ணில் அவை மெதுவாகவும், இறுகிய பாறையில் விரைவாகவும் செல்லும். மெதுவான படையிலிருந்து விரைவான படைக்குள் நுழையும் அலை, ஒளி முறிவடைவது போலவே தன் பாதையினின்றும் திரும்புகின்றது. அவதிக்கோணத்தில் எல்லையை அடையும் அலையோ கீழ்ப்படையின் வேகத்துடன் எல்லையை ஒட்டியே ஓடி, செல்லும் வழியெங்கும் மேற்பரப்புக்கு அதிர்வை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒழுங்கை வழியே நேராக நடப்பவனைவிட, சுற்றுவழியாயினும் பெருந்தெருவை அடைந்து பேருந்தில் ஏறுபவன் தூரத்து ஊரை முந்தி அடைவது போன்றது இது. ஊர் அண்மையில் இருப்பின் நடப்பவனே முந்துவான்.

எனவே, அடித்த இடத்திலிருந்து ஒரே நேர்கோட்டில் ஜியோபோன் எனப்படும் அதிர்வுணரிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றையும் முதல் அதிர்வு வந்தடையும் நேரத்தைக் குறித்து, தூரத்துக்கு எதிராக வரைபாக்கினால், கோடு ஓரிடத்தில் மடியும். மடிப்புக்கு முன்னுள்ள சரிவு மேற்படையின் வேகத்தையும், பின்னுள்ள சரிவு கீழ்ப்படையின் வேகத்தையும் தரும். மடிப்பு நிகழும் தூரம் ஆழத்தைத் தரும். ஓர் உதாரணம் கொள்வோம். மேற்படையின் வேகம் செக்கனுக்கு 1500 மீற்றர். கீழ்ப்படையின் வேகம் 2500 மீற்றர். மடிப்பு 40 மீற்றரில் நிகழ்கின்றது. வேகங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைப்பது கால். அதன் வர்க்கமூலம் அரை. மடிப்புத் தூரத்தின் பாதியான 20 மீற்றரை இதனால் பெருக்கின், கீழ்ப்படை 10 மீற்றர் ஆழத்தில் உள்ளதெனப் பெறுவோம். ஒரு மண்வெட்டியும் நிலத்தில் இறங்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முறை தனியொரு மேதையின் மூளையில் உதித்ததன்று. 1849இல் அயர்லாந்தின் பொறியியலாளரான றொபேட் மலே, டப்ளினுக்கு அண்மையிலுள்ள கில்லைனிக் கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்து அலையின் வேகத்தை அளந்தார். முதலில் வரும் மெல்லிய அதிர்வை அவரது இரசக் கிண்ணக் கருவி உணராமையால், அவர் பெற்ற வேகம் குறைவாகவே அமைந்தது. 1909 ஒக்டோபர் 8ஆம் திகதி, இன்றைய குரோஷியாவின் குப்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பதிவுகளை ஆராய்ந்த அந்திரியா மொகொறோவிச்சிச், தூரத்து நிலையங்களுக்கு ஒன்றன்று, இரண்டு முதன்மை அலைகள் வந்தமையைக் கண்டார். அவற்றுள் ஒன்று ஆழத்தில் விரைவான படையினூடாக வந்தது என விளக்கி, புவியோட்டின் அடி எல்லையை 54 கிலோமீற்றர் ஆழத்தில் கணித்தார். அவ்வெல்லை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

எனினும், இவ்வறிவை நிலத்தைத் துருவும் கருவியாக்கியவை போரும் எண்ணெயுமாகும். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனியரான லூட்கர் மின்ட்றொப், எதிரிப் பீரங்கிகளின் இருப்பிடத்தை அவற்றின் அதிர்வைக் கொண்டு கணிக்கும் பணியில் ஈடுபட்டார். இடையிலுள்ள நிலத்தின் அமைப்பு கணிப்பைப் பிழைபடுத்தியது. வெடித்த இடம் தெரிந்திருப்பின், அப்பிழையினின்றே நிலத்தின் அமைப்பை அறியலாம் அன்றோ? 1919இல் இதற்கான ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த அவர், 1921இல் சைஸ்மோஸ் என்ற கம்பனியை நிறுவினார். 1924இல் அமெரிக்காவின் ரெக்சாஸில், கல்ஃப் எண்ணெய்க் கம்பனிக்காக அக்கம்பனியின் குழுவினர் ஓச்சாட் உப்புக் குவிமாடத்தைக் கண்டறிந்தனர். சூழவுள்ள படிவுகளிலும் பார்க்க உப்பில் அலை விரைந்து செல்லும். குவிமாடத்தின் ஓரங்களில் பெற்றோலியம் தேங்கும். அழிவுக்கான கணிப்பு இலாபத்துக்கான கணிப்பாயிற்று.

இம்முறை தருவது நிலத்தின் புகைப்படம் அன்று. நேரத்தினின்று பெறப்படும் அனுமானமே. ஆழஞ் செல்லச் செல்ல வேகம் கூடும் என்பது அதன் அடிப்படை எடுகோள். விரைவான படையொன்றின் கீழ் மெதுவான களிமண் படை ஒளிந்திருப்பின், அலை அதன் மேலெல்லையை ஒட்டி ஓடாது. அப்படை வரைபில் தோன்றவே தோன்றாது. அதற்குக் கீழுள்ள பாறையும் உண்மையிலும் ஆழமானதாகக் கணிக்கப்படும். படை சரிந்திருப்பின் ஒரு முனையில் மட்டும் அடித்துப் பெறும் வேகம் பிழையாகும்; ஆதலின் இரு முனைகளிலும் அடித்து ஒப்பிடல் வேண்டும். அணைக்கட்டு அத்திவாரத்தின் கீழ் காணாமற்போன ஒரு களிமண் படை, அணையின் கீழ் வாழும் மக்களின் உயிர்ப்பிரச்சினையாகும். இதனாலேயே ஆங்காங்கே துளையிட்டுக் கணிப்பை நடைமுறையிற் சோதித்தல் இன்றியமையாதது.

இன்று ஒரு சம்மட்டியும் இரும்புத் தட்டும் ஒரு வரிசை உணரிகளும் கொண்டு, ஆழங்குறைந்த நிலத்தடி நீர்ப்படையையும் பாலங்களுக்கான பாறைத்தளத்தையும் சிறு குழுவொன்றே தேடவியலும். போர்க்களத்திலும் எண்ணெய் வயலிலும் வளர்ந்த கருவி மக்களின் நீர்த் தேவைக்கும் பயன்படும் நிலை இது. எண்ணெய்க் கம்பனிக்கோ, கிராமத்துக்கோ அலை வேறுபாடின்றியே பதில் தருகின்றது. எதனைத் தேடுவது, யாருக்காகத் தேடுவது, பெற்ற விடையை எவ்வாறு சோதிப்பது என்பனவற்றைத் தீர்மானிப்போர் மனிதரே.