‘ரெட் கிளிஃப்’ பார்த்துச் சிரித்தவர்கள்

2008 ஜூலை 10. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. சிச்சுவான் நிலநடுக்கம் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் ஜான் வூ இயக்கிய ‘ரெட் கிளிஃப்’ முதல் பாகம் சீனத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆசியப் பணத்தில் அதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே அதிகம் செலவு பிடித்த படம் என்று அதைச் சொன்னார்கள்; இரண்டு பாகங்களுக்கும் சேர்த்துச் சுமார் 8 கோடி டாலர். வடக்கிலிருந்து பெரும்படையோடு இறங்கி வந்த சாவோ சாவோவை, கி.பி. 208இல் யாங்சே ஆற்றில் தெற்கத்தியர் தீ வைத்து விரட்டிய கதை. அரங்குகள் நிறைந்தன. நிறைந்த அரங்குகள், இயக்குநர் எதிர்பார்க்காத இடங்களில் எல்லாம் சிரித்தன.

சிரிப்பு வந்த இடங்களைப் பார்த்தால் விஷயம் புரியும். தூது வந்த ஜுகே லியாங், பிரசவத்தில் தவிக்கும் குதிரைக்கு வைத்தியம் பார்க்கிறார். இதுவும் தெரியுமா என்று கேட்டால் ‘கொஞ்சம் தெரியும்’ என்கிறார். சீனர்களுக்கு ஜுகே லியாங் என்றால் அறிவின் உச்சம். அவர் வாயிலிருந்து இந்தப் பக்கத்து வீட்டுப் பேச்சு வந்ததும் அரங்கு குலுங்கியது. பிறந்த குட்டிக்கு மெங்மெங் என்று செல்லப் பெயர். தளபதி ஜோ யூவின் மனைவி ஷியாவ் ச்சியாவ் அதை ‘எழுந்திரு மெங்மெங்’ என்று கொஞ்சும்போதும் சிரிப்புத்தான். குளிர்காலத்திலும் ஏன் விசிறிக்கொண்டிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, நிதானமாக இருக்க வேண்டும் என்று ஜுகே லியாங் சொல்லும் பதில் அடுத்த பாகம் வந்தபோது ஊர் முழுக்கப் பரவியது.

இந்தச் சிரிப்பை அன்றைய பத்திரிகைகளில் பலர் படத்தின் தோல்வியாகவே எழுதினார்கள். எனக்கு அது வேறாகத்தான் படுகிறது. கதை தங்களுடையது என்று நினைப்பவர்களுக்குத்தான் இப்படிச் சிரிக்க வரும். இந்தப் போர் இடம்பெறும் மூன்று ராஜ்ஜியங்களின் கதை சீனாவில் எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னால் போதாது. அதில் யார் எப்படி நிற்பார், எப்படிப் பேசுவார், முகத்தில் என்ன நிறம் பூசியிருப்பார் என்பது வரை தெரியும். மேடை நாடகத்தில் சாவோ சாவோவுக்கு வெள்ளை முகம், சூதுக்காரன் என்பதற்கு அடையாளம். எதிரணித் தளபதி குவான் யூவுக்குச் சிவப்பு முகம், விசுவாசத்துக்கு. 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாறு ஒரு பக்கம். 14ஆம் நூற்றாண்டில் லுவோ குவான்சோங் எழுதியதாகச் சொல்லப்படும் நாவல் மறுபக்கம். மக்கள் மனத்தில் நின்றது நாவல். 1994இல் அரசுத் தொலைக்காட்சி அந்த நாவலை 84 பகுதிகளாக எடுத்தது. விசிறியும் நிதானப் பேச்சுமாக டாங் குவோசியாங் வந்து நின்ற பிறகு, ஒரு தலைமுறைக்கு ஜுகே லியாங்கின் முகம் அதுதான். 2006இல் பேராசிரியர் யீ சோங்தியான் அதே தொலைக்காட்சியில் நாவல் எங்கே வரலாற்றை மீறியது என்று விளக்கி நாடெங்கும் புகழ் பெற்றார். ஆகவே ஜான் வூ வந்து நின்றபோது அரங்கில் இருந்தவர்கள் வெறும் ரசிகர்கள் அல்ல, கதையைக் கையில் வைத்துச் சரிபார்க்க வந்தவர்கள்.

அவர்கள் எழுப்பிய புகார்களில் கனமானது ஜோ யூவைப் பற்றியது. நாவலில் ஜோ யூ பொறாமைக்காரர். ஜுகே லியாங்கின் அறிவைத் தாங்க முடியாமல் மனம் புழுங்கியே சாகிறார். வரலாற்றில் இருந்த ஜோ யூவோ பெருந்தன்மையானவர், இசை தெரிந்தவர், அந்தப் போரை உண்மையில் வென்று கொடுத்தவர். ஜான் வூ வரலாற்றின் பக்கம் நின்றார். நாவலின் பகையாளிகள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து இசைக்கருவி மீட்டச் செய்து நண்பர்களாக்கினார். கிழக்குக் காற்றை வரவழைக்கும் மந்திரச் சடங்கையும் விட்டுவிட்டு, வானிலையைக் கணிக்கத் தெரிந்த மனிதராக ஜுகே லியாங்கைக் காட்டினார். இதில் நான் இயக்குநர் கட்சி. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் செத்த ஒருவர் மேல் நாவல் சுமத்திய பழியை ஒரு படம் இறக்கி வைத்தது சாதாரண வேலை அல்ல. ஆனால் சாவோ சாவோ இவ்வளவு பெரிய படையை நடத்தி வந்ததற்குப் பின்னால் ஷியாவ் ச்சியாவ் மேல் அவருக்கிருந்த ஆசையை நிறுத்தியபோது, ‘இது போர்ப்படமா, காதல் படமா’ என்று பார்வையாளர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. இன்றைக்குப் பார்த்தாலும் படத்தின் பலவீனமான இடம் அதுதான்.

அந்தக் காலத்தின் மனநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002இல் ஜாங் யீமோவின் ‘ஹீரோ’ சீனாவில் சுமார் 25 கோடி யுவான் வசூலித்து, பிரம்மாண்டப் படங்களின் காலத்தைத் தொடங்கி வைத்தது. சர்வாதிகாரிக்கு நியாயம் கற்பிக்கிறது என்ற திட்டையும் வாங்கியது. 2005இல் சென் கைகேயின் ‘தி ப்ராமிஸ்’ வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஹூ கே என்ற இளைஞர் அந்தப் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டி, ஆவியில் வெந்த ரொட்டி ஒன்றால் விளைந்த கொலை வழக்கு என்று கேலி வீடியோ செய்தார். படத்தைப் பார்க்காதவர்களும் அதைப் பார்த்தார்கள். சென் கைகே கொதித்துப் போய் வழக்குத் தொடுப்பேன் என்றார். மக்கள் பெருவாரியாக ஹூ கே பக்கம் நின்றார்கள். டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பது, வெளியே வந்து திட்டுவது, திட்டியதைக் கேட்டு அடுத்தவர் டிக்கெட் வாங்குவது என்று ஒரு பழக்கம் அந்த ஆண்டுகளில் ஊறியிருந்தது. ‘ரெட் கிளிஃப்’ முதல் பாகம் 30 கோடி யுவானைத் தாண்டி உள்நாட்டுப் படங்களின் சாதனையை முறியடித்ததும் இப்படித்தான்.

இன்றைக்கு அதே படத்தைப் பற்றிய பேச்சு தலைகீழ். ‘கொஞ்சம் தெரியும்’ என்பதை இப்போதும் இளைஞர்கள் சொல்கிறார்கள், ஆனால் கேலியாக அல்ல. தன் திறமையை அடக்கிச் சொல்வதற்கான வழக்காகவே அது பேச்சில் கலந்துவிட்டது. மூன்று ராஜ்ஜியங்களின் கதையை வைத்து 2010இல் வந்த 95 பகுதிப் புதிய தொடருக்கும் இதே கதிதான். வந்தபோது கிழிகிழியென்று கிழித்தார்கள், இன்று அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டது ஒரு காரணம். படத்தின் போர்க்காட்சிகள் இன்னொரு காரணம், எனக்கு அதுவே முக்கியமானதாகத் தெரிகிறது.

முதல் பாகத்தின் எட்டு மூலை வியூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் கேடயங்கள் ஓர் ஆமை ஓட்டுக் கோலம்போல விரிந்து கிடக்கின்றன. சாவோ சாவோவின் குதிரைப்படை புழுதிக்குள் நுழைகிறது. கேடயச் சுவர் ஒன்று பின்னால் மூடுகிறது. அதற்குள் ஒரு சந்து திறக்கிறது, குதிரைகள் அதில் திரும்புகின்றன, சந்தின் முடிவில் இன்னொரு சுவர். கேடய இடுக்குகளிலிருந்து ஈட்டிகள் நீள்கின்றன. குவான் யூ தரையில் நின்று சண்டையிடுகிறார். இன்னொரு தளபதி ஜாங் ஃபெய் ஓடிவரும் குதிரையைத் தோளால் மோதிச் சாய்க்கிறார். யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் வழி அடைபட்டது என்பது ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. இதற்காகச் சீன ராணுவம் தன் வீரர்களை அனுப்பி உதவியது. கடற்படைக் காட்சிகள் ஹெபெய் மாகாணத்தின் நீர்த்தேக்கங்களில் படமாயின. தீக்காட்சி எடுக்கும்போது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். கணினியில் பெருக்கிய படைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, மண்ணில் மனிதன் ஓடும் எடை இன்று தெரிகிறது. அன்று மெங்மெங்கைப் பற்றிப் பேசியதில் இந்த வியூகத்தைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசவில்லை.

நடிகர்கள் விஷயத்திலும் இப்படித்தான். ஜோ யூவாக முதலில் நடிக்க இருந்தவர் சௌ யுன் ஃபாட். படப்பிடிப்புத் தொடங்கிய வேளையிலேயே விலகினார். ஜுகே லியாங்காக நடிக்க ஒப்புக்கொண்டு விலகியிருந்த டோனி லியூங், திரும்பி வந்து ஜோ யூ ஆனார். ஆள் மாறாட்டம் என்று அன்று கேலி பேசினார்கள். இன்று வேறு யாரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.

பார்வையாளர்களின் உலகமோ அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 2008இல் சீனா முழுவதும் சுமார் 4,100 திரைகள். நாட்டின் ஆண்டு வசூல் சுமார் 434 கோடி யுவான். சின்ன ஊர்களில் திருட்டு டிஸ்க்தான் கதி. 2021இல் திரைகள் 82,000ஐத் தாண்டின. அந்த ஆண்டு வந்த, கொரியப் போரைப் பற்றிய ‘சாங்ஜின் ஏரிப் போர்’ படம் மட்டுமே 577 கோடி யுவானை அள்ளியது. 2008இல் நாட்டில் ஓடிய எல்லாப் படங்களும் சேர்ந்து ஈட்டியதைவிட அதிகம். அதை இயக்கிய மூவரில் ஒருவர், அன்று ரொட்டி வீடியோவால் கேலிக்கு ஆளான அதே சென் கைகே.

இந்த முறை கேலிக்கு இடமில்லை. படம் வெளியான அடுத்த வாரம், லுவோ சாங்பிங் என்ற முன்னாள் புலனாய்வுப் பத்திரிகையாளர், அந்தப் போரில் பனியில் உறைந்து மாண்ட வீரர்களைப் பற்றி ஏளனமாக ஒரு வரி எழுதினார். கைது செய்யப்பட்டார். போர்த் தியாகிகளின் பெயரைக் களங்கப்படுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கிய குற்றவியல் சட்டத் திருத்தம் 2021இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. 2022 மே மாதம் ஹைனான் மாகாண நீதிமன்றம் ஒன்று அவருக்கு ஏழு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. குளிரில் உறைந்து செத்தவர்களை ஏளனம் செய்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு வரிக்கு ஏழு மாதச் சிறை என்பதை அதைவிடவும் ஏற்க முடியவில்லை. அதன் பிறகு அந்தப் படத்தின் போர்க்காட்சி நீளம், வசனம் செயற்கை என்று சொல்ல நினைப்பவரும் எழுதுமுன் ஒரு தடவை நின்று யோசிப்பார். அப்படி யோசித்து எழுதிய பாராட்டுகளை வைத்து ஒரு படத்தின் தரத்தை எப்படி அளப்பது?

பழங்கதைகள் இன்னும் கேலிக்குத் திறந்தே கிடக்கின்றன. 2023இல் ‘கிரியேஷன் ஆஃப் தி காட்ஸ்’ என்ற பழங்கதைப் படத்தின் முதல் பாகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், 263 கோடி யுவான் வசூல். 2025 வசந்த விழாவில் இரண்டாம் பாகம் வந்ததும், மூன்று தலையும் நீல முகமுமாக மாறும் இளவரசர் யின் ஜியாவின் தோற்றத்தை விடாமல் கேலி செய்தார்கள். வசூல் முதல் பாகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. அந்தச் சிரிப்பில் 2008இன் குரல் அப்படியே இருந்தது. அதுவும் பத்து வருஷம் கழித்துப் பாராட்டாக மாறக்கூடும்.

‘ரெட் கிளிஃப்’ பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேற்கு நாடுகளுக்காகச் சுமார் இரண்டரை மணி நேரமாகச் சுருக்கிய பதிப்பு ஒன்று உண்டு. கிட்டத்தட்டப் பாதிப் படம் அதில் இல்லை. இரண்டு பாகங்களையும் முழுசாகப் பாருங்கள், குதிரைக்குட்டிக் காட்சி உட்பட.