நாரைகள் சுமந்துவரும் உரம்

தண்ணீரில் நிற்கும் காடு என்றதும் நமக்குப் பிச்சாவரம்தான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் இருக்கிறது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். அங்கே கடலும் இல்லை, கழிமுகமும் இல்லை. ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்பில் ஒரு பாசன ஏரி, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் உள்ளே இருக்கும் கடப்ப மரங்கள் மாதக்கணக்கில் நீரில் நிற்கும். முருகனுக்கு உகந்ததாகச் சொல்லப்படும் செங்கடம்பு இது.

நீர் தேங்கிய மண்ணில் காற்று இராது. வேர் மூச்சுவிட வழியில்லாமல் வேம்பு போன்ற மரங்கள் பட்டுப்போய்விடும். கடல் முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்கள் தாங்கும் இந்தச் சோதனையை, உப்பு இல்லாத நீரில் கடம்பு தாங்குகிறது. பூனையும் கீரியும் குரங்கும் எட்ட முடியாத கிளை என்பதால் பறவைகள் அதைத் தேடி வருகின்றன. நவம்பருக்குப் பிறகு ஒரே மரத்தில் மேல்கிளையில் நாரை, நடுவில் நீர்க்காகம், இலை மறைவில் வக்கா எனக் கூடுகள் நெருங்கியிருக்கும். கூழைக்கடா, பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் அக்கம்பக்கத்தில்.

இவற்றில் என் மனம் கவர்ந்தது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். பாக்குவெட்டியைப் போல நத்தையை நொறுக்கத்தான் அந்த இடைவெளி என்று கருதியவர்கள் உண்டு. உண்மையில் அது பெரும்பாலும் ஓட்டை உடைப்பதில்லை. அலகின் நுனியால் நத்தையின் மூடியை விலக்கி, உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. மஞ்சள்மூக்கு நாரையின் வித்தை வேறு. கலங்கிய நீரில் அலகைச் சற்றே திறந்து வைத்தபடி நடக்கும். மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரையை 1960-களில் சோதித்துப் பார்த்தபோது, அலகு மூடிக்கொள்ள ஆன நேரம் நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான்.

நத்தையும் மீனும் பெரும்பாலும் ஏரிக்குள் பிடித்தவை அல்ல. பறவைகள் விடியலில் கிளம்பிச் சுற்றுவட்டார நெல்வயல்களிலும் வேறு ஏரிகளிலும் இரை தேடிவிட்டு, வேடந்தாங்கலுக்கு வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கூட்டுக்குக் கீழே எச்சம் விழுகிறது. பறவைகள் உடலின் கழிவு நைட்ரஜனைச் சிறுநீராகப் போக்காமல் யூரிக் அமிலமாக, வெள்ளைக் கூழாக வெளியேற்றுகின்றன. நீரிலுள்ள நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் உறிஞ்சிக்கொள்ளும் வடிவம் அது. மதகு திறந்தால் வயலுக்குப் பாய்வது உரம் கலந்த தண்ணீர்.

வேதியியல் பெயர்கள் தெரியாமலே ஊரார் இதை விளைச்சலில் கண்டுகொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கச் சொல்லி முறையிட்டார்கள். அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், அவற்றைக் காக்கும் உரிமையை உறுதிசெய்து கவுல் என்னும் உறுதிப் பத்திரம் கொடுத்தார். நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல். ஏரியை ஊரே பேணுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை 10-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பறவைகளைப் படமெடுக்க வருபவர்கள் மா. கிருஷ்ணனை அறிந்திருக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியவர். அவர் காலத்தைவிட நம் லென்ஸ்கள் எவ்வளவோ நீளம். ஆகவே கூட்டை நெருங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. உச்சிவெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். மிக அழகான படம் அது. அந்த நேரத்தில் அதை வெருட்டினால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகலாம். கரையிலிருந்தும் காட்சிக் கோபுரத்திலிருந்தும் எடுப்பதே போதும். மாலையில் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அதற்கு மிகவும் ஏற்றது.

வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் பறவை உறங்கும் ஏரிக்குக் கிடைக்கும் காவல், அது சாப்பிடும் வயலுக்கும் சிற்றேரிக்கும் அதே அளவில் கிடைப்பதில்லை. வயலில் நத்தை செத்தால், சிற்றேரி வீட்டுமனையானால், கடப்ப மரம் அப்படியே நின்றாலும் கூடு காலியாகும். உங்கள் ஊர் ஏரியில் நாரை இறங்குவதைக் கண்டால் ஒரு படம் எடுத்து, ஏரியின் பெயரோடும் தேதியோடும் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு தளத்தில் பதிந்துவிடுங்கள். பறவைகள் எந்தெந்த ஏரிகளை நம்பியிருக்கின்றன என்று காட்ட, அந்தப் பதிவுகள் நமக்குத் தேவை.