செலரான் 300ஏ

செலரான் 300ஏ, இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்ட மலிவு விலைக் கணினி பிராசசர். 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு என்று விற்கப்பட்ட இந்தச் சிப், பொருத்தமான மதர்போர்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதே நாளில் இன்டெல் வெளியிட்ட 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசசரின் பட்டியல் விலை 669 டாலர். செலரான் 300ஏயின் விலை 149 டாலர். குறித்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பழக்கம் ஒரு சிறு கூட்டத்தின் விளையாட்டாக இருந்த நிலை மாறி, கணினியைத் தாமே பூட்டிக்கொள்ளும் பலரிடமும் பரவியதற்கு இந்தச் சிப் முக்கியக் காரணம். சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அதன் திறனைச் சொல்கிறதா, விற்பவர் போட்ட வேலியைச் சொல்கிறதா என்ற கேள்வியும் சாதாரண வாடிக்கையாளரிடம் வந்து சேர்ந்தது இதன் வழியாகத்தான்.

பின்னணி

1997ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கணினிகள் வரத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலும் ஏஎம்டி நிறுவனத்தின் கே6, சைரிக்ஸ் நிறுவனத்தின் சிப்புகள் போன்றவை இருந்தன. இன்டெல் அதே ஆண்டு மே மாதம் பென்டியம் 2 பிராசசரைக் கொண்டுவந்தது. வீடியோ கேம் கேசட் போன்ற ஒரு பெட்டிக்குள் பிராசசர் சிப்பும், அதன் பக்கத்தில் தனியாக 512 கிலோபைட் கேஷ் நினைவகச் சிப்புகளும் இருந்தன. செய்வதற்குச் செலவு அதிகம் ஆகும் அமைப்பு இது. மலிவுக் கணினிக்கு இன்டெல்லிடம் சரக்கு இல்லை.

அவசரத்துக்குச் செய்த தீர்வு 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான். வேகம் 266 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 2இல் இருந்து அந்தக் கேஷ் சிப்புகளை அப்படியே எடுத்துவிட்டார்கள், மேலுறையையும் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேஷ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுக்களையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கேஷ் என்பது அடுப்புப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. ராம் என்பது பின்கட்டில் இருக்கும் சாமான் அறை. அஞ்சறைப்பெட்டி இல்லாத வீட்டில் கடுகுக்கு ஒரு நடை, சீரகத்துக்கு ஒரு நடை. எவ்வளவு வேகமாகச் சமைப்பவராக இருந்தாலும் பாதி நேரம் நடையிலேயே போகும். முதல் செலரானின் கதையும் அதுதான். அலுவலக மென்பொருள்களில் அது தடுமாறியது, விமரிசகர்கள் அதைக் கடுமையாகவே எழுதினார்கள்.

நான்கு மாதம் கழித்து வந்த 300ஏ வேறு வார்ப்பு. இதன் உட்பெயர் மெண்டோசினோ. 128 கிலோபைட் கேஷை பிராசசர் இருக்கும் அதே சிலிக்கான் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கேஷ் இல்லாத பழைய 300 மெகாஹெர்ட்ஸ் செலரானும் கடைகளில் இருந்ததால், வேறுபடுத்திக் காட்டுவதற்காகப் பெயரின் கடைசியில் ‘ஏ’ சேர்ந்தது. பென்டியம் 2இன் கேஷ் அளவில் நான்கு மடங்கு பெரியது, ஆனால் பிராசசரின் வேகத்தில் பாதியில்தான் ஓடியது. செலரானின் கேஷ் சிறியது, ஆனால் பிராசசரின் முழு வேகத்திலேயே ஓடியது. அன்றைய விளையாட்டுகள் பலவற்றில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொண்டன. ஒரே மெகாஹெர்ட்ஸில் ஓடினால் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். பெரிய தரவுகளைப் புரட்டும் வேலைகளில் மட்டும் பென்டியம் 2 தெளிவாக முந்தியது.

300 எப்படி 450 ஆனது

பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று மதர்போர்டு கொடுக்கும் அடிப்படை வேகம். இன்னொன்று பிராசசருக்குள் இருக்கும் பெருக்கெண். செலரான் 300ஏயின் அடிப்படை வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் (துல்லியமாகச் சொன்னால் 66.6), பெருக்கெண் 4.5. பெருக்கினால் 300.

பெருக்கெண்ணை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. குறைந்த வேகச் சிப்பை வாங்கி, மேலே இருக்கும் எழுத்தை அழித்து, கூடிய வேகத்தை அச்சடித்து விற்கும் மோசடி அப்போது பல நாடுகளில் நடந்துகொண்டிருந்தது. பூட்டுக்கு அந்த மோசடியே காரணம் என்று சொல்லப்பட்டது. அது உண்மையான காரணம்தான், ஆனால் ஒரே காரணம் என்று நம்ப வேண்டியதில்லை.

பெருக்கெண் பூட்டப்பட்டாலும் அடிப்படை வேகம் பிராசசரின் கையில் இல்லை, மதர்போர்டின் கையில் இருந்தது. 1998 ஏப்ரலில் இன்டெல்லே வெளியிட்ட 440பிஎக்ஸ் சிப்செட், 350, 400 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசசர்களுக்காக அடிப்படை வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. அந்த மதர்போர்டில் 300ஏயைச் செருகி, அடிப்படை வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 4.5 பெருக்கல் 100, அதாவது 450.

இந்த 100 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அடிப்படை வேகத்தை உயர்த்தும்போது பிராசசர் மட்டும் வேகமாக ஓடுவதில்லை. ஹார்ட் டிஸ்க், சவுண்ட் கார்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றுக்கும் போகும் தடங்களின் வேகமும் அதிலிருந்தே வகுத்து எடுக்கப்படுகிறது. பிசிஐ தடம் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அடிப்படை வேகம் 66 என்றால் இரண்டால் வகுப்பார்கள், 100 என்றால் மூன்றால் வகுப்பார்கள், இரண்டிலும் 33 வந்துவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி தடமும் அப்படியே 66இல் நின்றது. ஆனால் 83 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வகுத்து வருவது 41.5. பிராசசர் தாங்கினாலும் ஹார்ட் டிஸ்க் தாங்காமல் கோப்புகள் கெட்டுப்போகும். ஆகவே பாதி உயர்வு ஆபத்தாகவும், முழு உயர்வு பத்திரமாகவும் இருந்த விநோதம் நேர்ந்தது. 333 மெகாஹெர்ட்ஸ் செலரானை வாங்கியவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் குறைவு. அதன் பெருக்கெண் 5. நூறால் பெருக்கினால் 500. பல சிப்புகள் அந்த உயரத்தை எட்டவில்லை. கூடுதல் விலை கொடுத்தவர் வேகத்தில் பின்தங்கிப் போன அபூர்வமான சந்தர்ப்பம் அது.

ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் இந்த மாற்றத்தை பயாஸ் திரையிலேயே செய்யலாம், மின்னழுத்தத்தையும் அங்கேயே கூட்டலாம். சில மதர்போர்டுகள் மாற்ற விடாமல், செருகிய பிராசசரையே ‘உன் வேகம் என்ன’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டன. அந்தப் பதிலைச் சொல்வது அட்டையின் விளிம்பில் இருந்த பி21 என்ற ஒரு தொடுமுனை. அதன் மேல் சிறு துண்டு டேப் ஒட்டி மறைத்தால் மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் என்று எடுத்துக்கொண்டது.

ஏன் தாங்கியது

சிலிக்கான் வட்டில் ஒரே நேரத்தில் பல சிப்புகள் செய்யப்படுகின்றன. எல்லாம் ஒரே திறனுடன் வருவதில்லை. சோதித்துப் பார்த்து, இது 300, இது 333 என்று தரம் பிரிப்பார்கள். ஒரே தோட்டத்து மாங்காயைக் கூடைவாரியாகப் பிரிப்பது போன்ற வேலைதான். ஆனால் தொழிற்சாலையின் செய்முறை தேர்ச்சி அடைந்தபின் பெரும்பாலான காய்கள் முதல்தரமாகவே விளையத் தொடங்கும். மலிவுக் கூடைக்கும் ஆள் கேட்பார்கள் அல்லவா, அப்போது முதல்தரக் காயையே மலிவுக் கூடையில் போட வேண்டி வரும்.

1998 பிற்பகுதியில் இன்டெல்லின் 0.25 மைக்ரான் செய்முறை அந்த நிலையில் இருந்தது. அதே செய்முறையில்தான் 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2உம் செய்யப்பட்டது. பென்டியம் 2 வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வெளியே இருக்கும் கேஷ் சிப்புகளும் கூடவே ஓட வேண்டும். செலரானுக்கு அந்தச் சுமையும் இல்லை. எனவே 300ஏ 450இல் ஓடியது அதிசயம் அல்ல. அதை 300 என்று விற்றதுதான் வணிக முடிவு.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. 300 என்று சொல்லி விற்ற பொருள் 300இல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் 669 டாலர் கொடுத்தவர் தான் எதற்குக் கொடுத்தோம் என்று கேட்டால், கூடுதல் 384 கிலோபைட் கேஷுக்கும் அந்த எண்ணுக்கான உத்தரவாதத்துக்கும் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாச் சிப்பும் ஓடியதா

இல்லை. ஆர்வலர்களின் கதைகளில் தோற்றவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பல சிப்புகள் இயல்பான 2.0 வோல்ட்டிலேயே 450ஐத் தொட்டன. சிலவற்றுக்கு 2.1, 2.2 வோல்ட் தேவைப்பட்டது. சில எதற்கும் மசியவில்லை. எந்த வாரத்துச் சரக்கு, கோஸ்டா ரிகாவில் இருந்து வந்ததா மலேசியாவில் இருந்து வந்ததா என்று குறியீட்டைப் பார்த்து வாங்கும் பழக்கம் இதனால் உண்டானது.

விண்டோஸ் திறந்துவிட்டதாலேயே பிராசசர் சரியாக ஓடுகிறது என்று ஆகாது. எல்லைக்கு மேல் ஓடும் சிப் நின்றுபோனால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நிற்காமல் எப்போதாவது ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால்தான் தொல்லை. சேமித்த கோப்பு கெட்டது பல நாள் கழித்தே தெரியவரும். இதைக் கண்டுபிடிக்கப் பலரும் பிரைம்95 என்ற நிரலை ஓட்டினார்கள். பெரிய மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளை மணிக்கணக்காகக் கொடுத்து, ஒரு விடை மாறினாலும் காட்டிக்கொடுக்கும். இரவு முழுவதும் ஓடி நின்றால் தேறியது என்று கொள்வார்கள்.

அறையின் வெப்பமும் கணக்கில் வரும். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் தேறிய அதே அமைப்பு, சித்திரை மாதச் சென்னையில் விசிறிக் காற்றில் தேறும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு விமரிசனங்களைப் படித்து இங்கே பொருள் வாங்குபவர்கள் இன்றும் மறந்துவிடும் விஷயம் இது.

விளையாட்டுகள்

ஓவர்கிளாக்கிங் செய்தவர்களில் பெரும்பாலோர் செய்தது விளையாட்டுக்காகவே. 1998இல் அன்ரியல், ஹாஃப் லைஃப் ஆகியவை வெளிவந்தன. வூடூ 2 போன்ற அன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் படப்புள்ளிகளை நிரப்புவதை மட்டுமே செய்தன. முப்பரிமாண உருவங்கள் எங்கே நிற்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்ற கணக்கைப் பிராசசர்தான் போட வேண்டும். ஆகவே பிராசசர் ஒன்றரை மடங்கு வேகமானால் விளையாட்டில் அது கண்ணுக்கே தெரிந்தது. 1999 இறுதியில் வந்த ஜீஃபோர்ஸ் 256 அந்தக் கணக்குகளையும் கிராபிக்ஸ் கார்டுக்கு எடுத்துக்கொண்டது. அதன்பின் விளையாட்டுக் கணினிக்கான பணம் கிராபிக்ஸ் கார்டின் பக்கம் சாயத் தொடங்கியது.

1999இல் ஏபிட் வெளியிட்ட பிபி6 மதர்போர்டில் இரண்டு செலரான்களைப் பொருத்தலாம். இரட்டை பிராசசர் என்பது அதுவரை சர்வர்களுக்கான வசதி. இன்டெல் செலரானை அதற்காக விற்கவில்லை, சிப்புக்குள் அந்தத் திறன் இருந்தது, மதர்போர்டு செய்தவர் பயன்படுத்திக்கொண்டார். விண்டோஸ் 98க்கு இரண்டாவது பிராசசரைப் பயன்படுத்தத் தெரியாது. விண்டோஸ் என்டி, லினக்ஸ் ஆகியவற்றுக்குத் தெரியும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குவேக் 3 அரீனா இரண்டையும் பயன்படுத்தும்படி எழுதப்பட்டிருந்தது.

பின்வந்தவை

66 மெகாஹெர்ட்ஸ் செலரான்கள் 2001 தொடக்கம் வரை வந்துகொண்டிருந்தன. 566 மெகாஹெர்ட்ஸ் செலரானை அதே முறையில் 850இல் ஓட்டினார்கள். ஏஎம்டியின் அத்லான், டியூரான் சிப்புகளில் பெருக்கெண் பூட்டு மேற்புறத்தில் வெட்டி விடப்பட்ட சிறு இணைப்புகளாக இருந்தது. பென்சிலால் கோடு போட்டால் கிராஃபைட் வழியே மின்சாரம் பாய்ந்து பூட்டு திறந்துவிடும். 2007இல் கோர் 2 குவாட் கியூ6600 பிராசசரை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.0க்குக் கொண்டுபோவது ஆர்வலர்களிடையே சர்வசாதாரணம்.

நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2010இல் இன்டெல் ஒரு சோதனை செய்தது. பென்டியம் ஜி6951 பிராசசரில் உள்ளே இருந்த சில வசதிகளை அடைத்து விற்று, 50 டாலருக்கு ஓர் அட்டை வாங்கி அதிலுள்ள எண்ணைக் கொடுத்தால் திறந்துவிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் மறு ஆண்டே கைவிட்டார்கள்.

கைவிடாத வழி 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. அதில் யுஎஸ்பி, சாட்டா உட்பட அனைத்தையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸோடு கட்டிவிட்டார்கள். அதைச் சில சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் மற்றவை நிலைகுலைந்தன. 300ஏ நுழைந்த வாசல் அடைபட்டது. பெருக்கெண் முழுதாகத் திறந்த சிப் வேண்டுமானால் ‘கே’ எழுத்திட்ட மாடலை வாங்க வேண்டும். கோர் ஐ5 2500 விலை 205 டாலர், 2500கே விலை 216 டாலர். அதோடு பெருக்கெண்ணை மாற்ற அனுமதிக்கும் மதர்போர்டும் வேண்டும். பதினோரு டாலர் பெரிதல்ல, 2500கே வாங்கியவர்கள் 3.3 கிகாஹெர்ட்ஸை 4.5 வரை கொண்டுபோய் மனநிறைவோடுதான் இருந்தார்கள். ஆனால் மலிவான சிப்பை வாங்கி விலையுயர்ந்த சிப்பாக்குவது முடிந்துபோனது. ஓவர்கிளாக்கிங் விலையுயர்ந்த சிப்பின் ஒரு வசதியாக மாறியது.

இப்போது பிராசசர்கள் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் தாமே பார்த்து, தம் எல்லை வரை தாமே ஓடுகின்றன. பயனருக்கென்று மிச்சம் வைப்பதில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்கள் சில, விற்றபடியே, யாரும் எதையும் மாற்றாமலே, விளையாட்டுகளின் நடுவில் நின்றுபோயின. தேவைக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.