பெரியப்பா எந்தக் கணக்கில்?

போன மாத வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி போனை நீட்டினான். “அண்ணா, கொரோனாவில் ஏழைகளுக்குத்தான் பெரிய அடி என்கிறீர்கள். இங்கே பார்த்தால் ஏழை நாடுகளில்தான் குறைவாக இறந்திருக்கிறார்கள்!”

அவன் காட்டியது வாட்ஸ்அப் வதந்தி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும், வழக்கமாக நடக்கும் மரணங்களுக்கு மேல் உலகம் முழுவதும் 1 கோடியே 49 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் மிக வறிய நாடுகளின் பங்கு 4 சதவீதம்தான். பணக்கார நாடுகளுக்கு 15. மீதி 81 சதவீதமும் இந்தியா, பெரு போன்ற நடுத்தர வருமான நாடுகளில்.

அப்படியானால் வைரஸ் வறியவர்கள்மேல் இரக்கம் காட்டியதா? இல்லை. முதலில் வயதைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் சுமார் 19 வயதுக்கு உட்பட்டவர்கள். இத்தாலியில் அந்த நடு வயது 47-ஐ ஒட்டி நிற்கிறது. கொரோனா முதியவர்களைத் தேடிப் பிடித்த நோய். முதியவர்கள் குறைவாக உள்ள இடத்தில் மொத்த மரணமும் குறையும். ஆனால் ஒரே வயதுள்ள இருவரை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. தொற்று வந்தபின் இறக்கும் அபாயம் வளரும் நாடுகளில் பணக்கார நாடுகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அடுத்தது, யார் எண்ணுகிறார்கள் என்பது. ஆப்பிரிக்காவில் பத்து மரணங்களில் ஒன்றுதான் பதிவாகிறது என்று 2021-ல் அதே நிறுவனம் சொன்னது. 2020-ல் சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில், பிணவறைக்கு வந்த 364 பேரின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவரிடம் வைரஸ் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர்கள். அப்படி வெளியே இறந்தவர்களில் ஒருவருக்குக்கூட உயிரோடு இருந்தபோது பரிசோதனை நடக்கவில்லை. சோதிக்காத இடத்தில் கொரோனா இல்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

பெரு நாடு திரும்ப எண்ணிப் பார்த்தது. 2021 மே கடைசியில் அந்த அரசு தன் கணக்கைத் திருத்தியபோது 69,342 என்றிருந்த மரணங்கள் 1,80,764 ஆயின. ஒரே நாளில் உலகிலேயே அதிக மரண விகிதம் உள்ள நாடாகிவிட்டது. அங்கே ஆக்சிஜன் சிலிண்டரோடு மக்கள் வரிசையில் நின்ற படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். தலைகுனிவு வரும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்ன அந்த அரசை நான் மதிக்கிறேன்.

தூரத்து நாடுகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாம் தோசை மாவு வாங்கப் போகும் ஈஸ்ட் ஹாம் நியூஹாமில்தானே இருக்கிறது? 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை, வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சம் பேருக்கு 36 பேர் கொரோனாவில் இறந்தார்கள். நியூஹாமில் 144. நாட்டிலேயே அதிகம். அதே வாரங்களில் இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் 55, மிக வசதியான பகுதிகளில் 25. பஸ் ஓட்டுகிறவரும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. ஒரே வீட்டில் தாத்தா முதல் பேரன்வரை இருந்தால் தனி அறைக்கு எங்கே போவது?

பிறகு அந்தத் தம்பியிடம் என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். 2021 மே மாதம், பாளையங்கோட்டை. காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல். படுக்கை தேடி அலைந்ததிலேயே ஒரு நாள் போயிற்று. பரிசோதனை எடுக்குமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அடக்க ஆராதனையை நாங்கள் இங்கே ஜூமில் பார்த்தோம்.

2021 முடிவுவரை இந்தியாவில் கொரோனா மரணம் சுமார் 4.8 லட்சம் என்பது அரசுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். கணக்கிட்ட முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. இது வெறும் எண் சண்டை அல்ல. கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் வழி செய்தது. அதற்குக் காகிதம் வேண்டும். பெரியம்மா விண்ணப்பிக்கவே இல்லை. “மாரடைப்புன்னு போட்டிருக்கே, யார் தருவா?” என்றார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ உங்க பெரியப்பா 4.8 லட்சத்தில் இல்லை. 47 லட்சத்தில் இருக்கிறாரா அண்ணா?”

“ஆமாம்டா, அங்கேதான்.”

அந்தச் சான்றிதழைப் பெரியம்மா இன்றும் தன் வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.