வீடு தேடி வரும் மனநல மருத்துவம்

காய்ச்சல் என்றால் ஊரறிய மருத்துவமனைக்குச் செல்லும் நாம், மனம் நோயுற்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டும் குடும்பம் ஒன்றில் இருபது வயது மகன் உறங்காமலும் உண்ணாமலும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்பர் உறவினர். "வெளியில் தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே" என்று அஞ்சுவாள் தாய். நவநாளும் நேர்ச்சையும் தவறாமல் நடக்கும். வைத்தியம் மட்டும் நடவாது. செபத்தை நாம் குறை கூறவில்லை. சர்க்கரை நோய்க்குச் செபமும் செய்து மாத்திரையும் உண்கிற நாம், இந்நோய்க்கு மட்டும் வேறு நீதி வைத்திருப்பது ஏன்?

இதன் கொடுமையை 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற குடும்பத்தார் எல்லாரும் கல்நெஞ்சர் என்று நாம் எண்ணவில்லை. வேறு வழி அறியாதார் அவர்களுள் எத்தனை பேரோ!

அந்த வேறு வழியைத் தேடியவர்களுள் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் இவர், 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றக் காரணமாயிருந்தார். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், கடலோர மக்களுக்காகத் தொலைவழி மருத்துவத்தைக் கையாளத் தொடங்கிய அந்நிறுவனம், 2010-இல் அதனைப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. கொண்டுசென்ற வாகனம் ஒரு பேருந்து! அதனுள்ளே ஓர் அறை, ஒரு திரை, மருந்து தரும் ஓரிடம். நோயாளி உள்ளே அமர, சென்னையிலிருக்கும் மருத்துவர் திரையில் தோன்றி உரையாடுவார். எழுதிய மருந்து அங்கேயே கிடைக்கும். ஒரு நாள் கூலியை இழந்து நெடுந்தொலைவு பயணம் செய்யும் பாடு இல்லை.

ஆனால் நம் கருத்தைக் கவர்ந்தது திரையன்று. அப்பேருந்து வருமுன், அவ்வூர்ப் பகுதியிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயுற்றோரைக் கண்டறிந்து, வீட்டாரிடம் பேசி அழைத்து வந்தார்கள். அவர்கள் போகாதிருந்தால் அப்பேருந்துக்குள் யார் ஏறியிருப்பார்?

இன்று பேருந்தும் வேண்டாம். 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் செவிமடுப்பார்; தேவையெனில் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். எல்லாம் தொலைபேசியிலேயே முடிந்துவிடாது. சில மருந்துகளைத் தொலைவழியே எழுதித்தர விதிகள் இடம் தருவதில்லை. நோயாளியை நேரில் அழைத்துச் செல்லவும், மாதக்கணக்கில் மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஒருவர் வேண்டும். ஒரு தாயால் மட்டும் தாங்கக்கூடிய சுமையன்று அது.

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-இல் உலக நோயாளர் தினத் திருப்பலிக்கு, முதியோரையும் நடக்க இயலாதோரையும் கைத்தாங்கலாய் அழைத்து வருகிறோம். உள்ளறையில் இருப்பவரை வீட்டிலேயே விட்டு வருகிறோம். அவ்வீடு எதுவென்று அன்பியத்தார் அறிவார்கள். அடுத்த கூட்டத்திற்கு முன் அங்கே ஒருமுறை சென்று வரலாம். கோயில் அறிவிப்புப் பலகையில், திருப்பலி நேரங்களின் கீழே, 14416 என்று எழுதியும் வைக்கலாம்.